துருவுக்குக் குறி போட்ட தேவகனி

வெள்ளாங்கரையில் இரும்புக்கு ஆயுசு எவ்வளவு என்று தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஜன்னல் கம்பிக்கு ஆறு வருஷம், சைக்கிளுக்கு நாலு, கதவுக் கொண்டிக்கு மூணு, சீதனமாக வந்த பீரோவுக்கு அந்தப் பெண்ணின் மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும். ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் உப்பளமும் ஊரை நக்கிக்கொண்டே இருப்பதால் அங்கே யாரும் துருவை நோயாக நினைப்பதில்லை; வந்து போகிற சொந்தக்காரனாகத்தான் நினைக்கிறார்கள், வந்தால் வா என்பார்கள், போனால் போகட்டும் என்பார்கள். ஆகையால் தேவகனி வீட்டு முற்றத்தில் சுரண்டிப் போட்ட துரு, பொழுது விடிவதற்குள் உப்பள முதலாளி குணபால்சிங்கின் பங்களாவுக்குப் போய் ஒட்டிக்கொண்டது என்று செய்தி வந்தபோது, ஊரில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. "எந்த வழியாப் போச்சாம்? கிணத்தடி வழியாவா, கோயில் தெரு வழியாவா?" என்றுதான் கேட்டார்கள்.

அந்தத் துருவெல்லாம் ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது. தை மாசத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு போன் செய்து, "யம்மா, ஒம் புருஷன் வண்டிய எடுத்துட்டுப் போயிரு, கோர்ட்டு உத்தரவு வந்துட்டு, இல்லைன்னா ஏலத்துல போயிரும்" என்றார். பதினாலு வருஷம் அந்த வண்டி ஸ்டேஷன் காம்பவுண்டில், மணல் கடத்திய மாட்டு வண்டிக்கும் சாராயம் கடத்திய ஜீப்புக்கும் நடுவில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. சக்கரக் கம்பிகளுக்குள்ளே புகுந்து கோவைக்கொடி காய்த்துப் பழுத்து உதிர்ந்து மறுபடியும் முளைத்திருந்தது, விளக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குருவிக் குடும்பம் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தது, சீட்டில் ரெக்சின் போய் பஞ்சும் போய் ஸ்பிரிங் மட்டும் மிச்சமிருந்தது, என்ன நிறத்து வண்டி என்று சத்தியம் செய்யச் சொன்னால் அதைச் செய்தவனே தயங்குவான். அதை மீன் வண்டியில் ஏற்றி, ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுகக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினாள் தேவகனி.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரோசம்மா எட்டிப் பார்த்தாள். தேவகனியோடு ஒரே அளத்தில் உப்பு வாருகிறவள்.

"என்னக்கா இது, இத எதுக்குக் கொண்டாந்திய? பழைய இரும்புக்காரங்கூட மூக்கப் பொத்திட்டுப் போயிருவானே."

"ஓட்டுறதுக்கு."

"யாரு ஓட்ட?"

"அன்னைக்கு ஓட்டுனவரத்தான் ஓட்டச் சொல்லணும்."

ரோசம்மாவுக்கு உடனே அடுப்பில் ஏதோ பொங்குகிற ஞாபகம் வந்துவிட்டது.

அன்றைக்கு என்றால், பதினாலு வருஷத்துக்கு முந்தின சித்திரையில் ஒரு சாயங்காலம் ஐந்து மணி. குணபால்சிங்கின் ஜீப் அளத்து வரப்பில் புதைந்து நின்றது. அவருக்குத் திருச்செந்தூர் ரோட்டில் ஒரு சீட்டுக் கச்சேரிக்கு அவசரம், உள்ளே ஏற்கெனவே அரை பாட்டில் போயிருந்தது. வேதமுத்து, அதாவது தேவகனியின் புருஷன், அளத்துக்கு உப்புத்தண்ணீர் இறைக்கிற பம்புசெட்டுக்காரன், உள்ளே எஞ்சினோடு மல்லாடிக்கொண்டிருந்தான். வெளியே அவனுடைய மோட்டார் சைக்கிள் சாவியோடு நின்றது. முதலாளி கேட்கவில்லை, எடுத்தார், போனார். உப்புரோட்டின் வளைவில் தலையில் தண்ணீர்க்குடத்தோடு வந்துகொண்டிருந்த மரியபுஷ்பத்தை இடித்துத் தள்ளினார். வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து பம்புசெட் வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார், கொடியில் கிடந்த வேதமுத்துவின் துண்டிலேயே கையைத் துடைத்தார், வரப்போடு நடந்து வீட்டுக்குப் போனார். உப்பளத்தில் மரம் கிடையாது, சுவர் கிடையாது, ஒரு காக்கை இறங்கினால் மூன்று மைலுக்குத் தெரியும். நாற்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள், நாற்பது பேரும் பார்த்தார்கள். தேவகனி மட்டும் காய்ச்சலோடு வீட்டில் கிடந்தாள்.

போலீஸ் வந்து கேட்டபோது முதலில் வாய் திறந்தவள் ரோசம்மா. "வெயிலு உப்புல பட்டுக் கண்ணு கூசிச்சு சார், யாரு ஓட்டுனாவன்னு தெரியல." செத்துப் போன மரியபுஷ்பம் அவளுடைய கூடப்பிறந்த அக்காள். அடுத்த வாரம் ரோசம்மாவின் புருஷன் அளத்துக்குக் கங்காணியானான். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் அந்த வாக்கியம் தைத்த சட்டைபோல அளவாக இருந்தது, ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டார்கள். வேதமுத்து இரண்டு வருஷம் உள்ளே போனான், வந்தான், சுவரைப் பார்த்து உட்கார்ந்தான், மூன்றாவது மாசம் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகும் தேவகனி அதே குணபால்சிங்கின் அளத்தில்தான் உப்பு வாரினாள், ஏனென்றால் கண்ணுக்கெட்டின தூரத்துக்கு அவருடைய அளம்தான் இருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான்தான் ஓட்டினேன் என்று குணபால்சிங் ஊர் கேட்கத் தன் வாயால் சொல்ல வேண்டும். வண்டியை நடமாட வைத்து, அதே ரோட்டில் அதே வளைவில் கொண்டுபோய் நிறுத்தி, அவரை அதன்மேல் உட்கார வைத்தால் அந்த வாக்கியம் தானாக வெளியே வந்து விழும் என்று அவள் நம்பினாள்.

மெக்கானிக்கிடம் கொடுக்க வசதியில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயில் முடிந்து வந்து வேதமுத்து அந்த வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டபோது, எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்பேனர் பெட்டியை இழுத்தாள். புளித்துக் கெட்டுப்போன பதநீரைப் பனையேறி வீட்டில் சும்மா வாங்கி, பானையில் ஊற்றி, நட்டு போல்ட்டையெல்லாம் ஊறப்போட்டாள். இறுகிப்போன எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து விட்டு ஒரு வாரம் தூங்க வைத்தாள். தேய்க்கத் தேங்காய் நார், செங்கல் பொடி, கடையில் வாங்கின நாலு உப்புத்தாள். முதலில் முன்சக்கரத்து மட்கார்டு.

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்து வேலை முடித்துக் கிளம்பும் முன், வாரிக் குவித்த உப்புக் குவியலின்மேல் சுண்ணாம்பால் முதலாளியின் குறியைப் போட்டுவிட வேண்டும். குறி இல்லாத குவியல் யாருடையதும் இல்லை, எந்த லாரி வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். குணபால்சிங்கின் குறி மூன்று கோடு, கீழே ஒரு சுழி. தேவகனி முப்பது வருஷமாக நாள் தவறாமல் அதைப் போட்டிருக்கிறாள், தூக்கத்தில் கையைப் பிடித்து இழுத்தாலும் விரல் அந்த மூன்று கோட்டைத்தான் போடும். அன்று சாயங்காலம் மட்கார்டிலிருந்து சுரண்டின துரு ஒரு படி அளவு தேறியது. கை தன் பாட்டுக்கு அதைக் கூம்பாகக் குவித்தது, வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டது, மூன்று கோடு போட்டது, சுழித்தது. அவள் கையை உதறிவிட்டுச் சோறாக்கப் போனாள்.

காலையில் குவியலைக் காணோம். மட்கார்டு மட்டும் பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி மினுமினுவென்று நின்றது.

டீக்கடையில் செய்தி தயாராக இருந்தது. "கேட்டியளா, மொதலாளி வீட்டு வாசக்கதவு, மக கல்யாணத்துக்குன்னு போன வாரம் புதுசா மாட்டுனது, பால்காரன் தொட்டதும் பொலபொலன்னு கொட்டிட்டாம். பால்காரன் மேலல்லாம் செம்மண்ணு. மகாராசன் குளிக்காமலே பால் ஊத்திட்டுப் போறான்."

தேவகனி டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அன்று சக்கரங்கள் இரண்டையும் கழற்றித் தேய்த்தாள். குவித்தாள். இந்தத் தடவை கை தன் பாட்டுக்குப் போகவில்லை. அவள் பார்த்துப் பார்த்து, மெதுவாக, கல்யாணக் கோலம் போடுகிறவள் மாதிரி மூன்று கோடும் சுழியும் போட்டாள். மறுநாள் குணபால்சிங்கின் இரண்டு லாரிகளும் சக்கரம் நொறுங்கி, உட்கார்ந்த எருமைகளைப்போல ஷெட்டில் கிடந்தன.

அப்புறம் அது வெள்ளாங்கரையின் நாள்நடப்பாகிவிட்டது. தேவகனி ஹேண்டில்பாரைத் தேய்த்தாள், அவர் வீட்டு மாடிப்படிக் கைப்பிடி போனது. செயினைத் தேய்த்தாள், கிணற்றுச் சங்கிலி போனது. ஸ்டாண்டைத் தேய்த்தாள், கட்டில் கால் போய் முதலாளி தரையில் படுத்தார். காலையில் பள்ளிக்கூடம் போகிற வாத்தியார் சைக்கிளை நிறுத்தி, "இன்னைக்கு எந்தப் பாகம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அதை வைத்து டீக்கடையில் பந்தயம் நடந்தது: சைலன்சர் என்றால் தண்ணீர்க் குழாய், ஸ்பிரிங் என்றால் சோபா. பாதிக்கு மேல் சரியாகவே சொன்னார்கள். முதலாளி நகரத்திலிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்தார். அவர் மூன்று நாள் தங்கி, நண்டு தின்று, "கடல் காத்து" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். போகும்போது அவருடைய பெட்டிக்குப் பூட்டில்லை.

மற்றவர்களுக்கும் கை அரிக்கத்தானே செய்யும். நாத்தனார் வாசலில் போடுகிற கோலத்தையே குறியாகப் போட்டு அரிவாள்மணைத் துருவை அனுப்பினாள் ஒருத்தி. அது போகத்தான் செய்தது, ஆனால் நாத்தனார் அதற்குள் இவள் குறியைப் போட்டு வாளித் துருவை அனுப்பியிருந்தாள். இரண்டு துருவும் நடுத்தெருவில் ஒன்றையொன்று பார்த்துத் திகைத்து, பாவம், பொதுக் குழாயின்மேல் ஏறிக்கொண்டன. ஒரு வாரம் ஊர்த் துருவெல்லாம் சம்பந்தி வீட்டுக்கும் பங்காளி வீட்டுக்கும் வருவதும் போவதுமாக இருந்து, கோயில் மணியின் நாக்கும் விழுந்த பிறகு, பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு வாசித்தார்: இனிமேல் சில்லறைச் சண்டைக்கெல்லாம் துரு அனுப்பக்கூடாது, உயிர் போன காரியம் உள்ளவர்கள் மட்டும் அனுப்பலாம். சபை எழுந்து நின்று ஆமென் சொன்னது. எல்லார் கண்ணும் ஒரு தரம் தேவகனியைத் தொட்டு, தொட்ட வேகத்தில் பாட்டுப் புத்தகத்துக்குத் திரும்பியது.

சித்திரையில் அவள் எஞ்சினின் சிலிண்டரைத் தேய்த்தாள். அளத்துப் பம்புசெட்டுகள் நாலும் நின்றன. தண்ணீர் இல்லாமல் பாத்திகள் வெடித்தன, வேலை இல்லை என்று கங்காணி கையை விரித்தான். அன்றைக்கே நாற்பது பேரும் அவள் முற்றத்துக்கு வந்தார்கள். யார் பேசுவது என்று ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்து, கடைசியில் ரோசம்மா முன்னால் தள்ளப்பட்டாள்.

"அக்கா, ஒங்க கோவம் நியாயந்தான். அதுக்காவ எங்க வயித்துல அடிக்கலாமா?"

தேவகனி உப்புத்தாளை நாலாக மடித்துக்கொண்டே, "நான் என்னத்த அடிச்சேன்? எங்க வீட்டு வண்டிய நான் தேய்க்கேன்" என்றாள்.

"எல்லாருக்கும் தெரியுமேக்கா."

"என்ன தெரியும்?"

"இந்தத் துரு... அங்கன போவுதுன்னு."

"நீ பாத்தியா, அது நடந்து போனத?"

ரோசம்மா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் காலால் மண்ணைக் கீறினார்கள்.

"பாத்தவிய யாராவது இருக்கியளா?" தேவகனி நாற்பது பேரையும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "இல்லையா? வெயிலுல்லா. கூசியிருக்கும். போங்க, போயிப் புள்ளயளுக்குக் கஞ்சி ஊத்துங்க."

அவர்கள் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் படலோரம் நின்று, "அந்தப் பொம்பள கேக்கது நம்மகிட்டயும் சேத்துத்தான்லே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாரும் கேட்காததுபோல நடந்தார்கள்.

வைகாசி முடிகிறபோது வண்டி கிட்டத்தட்ட முழுசாகிவிட்டது. சீட்டுக்கு உப்புச் சாக்கை நாலு மடிப்பாகத் தைத்துப் போட்டாள். சைக்கிள் கடையிலிருந்து ஒட்டுப்போட்ட ட்யூப், பழைய இரும்புக்காரனிடமிருந்து ஒரு பிளக்கும் கிளட்ச் கேபிளும், அவ்வளவுதான் வெளியே வாங்கினது. மிச்சமிருந்தது பெட்ரோல் டேங்க். வெளியே அல்ல, உள்ளே. அதற்குள்ளே கை போகாது. ஆகவே புளித்த பதநீரையும் இரண்டு படி கல்லுப்பையும் உள்ளே போட்டு, வாயை அடைத்து, பிள்ளையைத் தாலாட்டுகிறமாதிரி மடியில் வைத்துக் குலுக்கினாள். இரண்டு நாள் குலுக்கினாள். கவிழ்த்தபோது சிவப்புச் சேறு கொட்டியது. வெயிலில் காய்ந்ததும் இரண்டு படி துரு. அதுவரை வந்ததிலேயே பெரிய குவியல்.

இப்போது ஊருக்கு ஒரு சந்தேகம். குணபால்சிங்கிடம் இரும்பு என்று ஒன்றும் மிச்சமில்லை. மூக்குக்கண்ணாடியை நூல் போட்டுக் கட்டியிருந்தார், வேட்டியைப் பெல்ட் இல்லாமல் முடிந்திருந்தார், வீட்டுக்கு ஓலைப்படல் போட்டிருந்தார். அப்படியிருக்க இரண்டு படி துரு போனால் எங்கே போய் உட்காரும்? டீக்கடையில் காலையிலிருந்து இதே பேச்சு. கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுக்க வந்த நர்ஸம்மா, டீயை ஆற்றிக்கொண்டே, "ஏன், மனுஷ ரத்தத்துல இரும்பு இல்லையா? நான் பின்ன மாசாமாசம் ஒங்களுக்குத் தாறது என்ன மாத்திரன்னு நெனச்சிய?" என்றாள். பந்தயக் காசை எல்லாரும் திரும்ப மடியில் முடிந்துகொண்டார்கள்.

பேச்சு தேவகனி வீட்டுக்கு வந்து சேர்ந்த அரை மணி நேரத்தில் குணபால்சிங்கும் வந்து சேர்ந்தார். நடந்தே வந்தார். அளத்தில் மூன்று கட்சிக்கும் கொடி நட்டுத் தேர்தல் கூட்டம் நடத்தின மனுஷன், செருப்பில் ஆணி போய் வாரை இழுத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க மொதலாளி, உக்காருங்க" என்று சாக்கைத் தட்டிப் போட்டாள்.

அவர் குவியலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தேவகனி, ஒனக்குப் புது வண்டியே எடுத்துத் தாரேன். நேரா ஷோரூம்ல இருந்து. மால போட்டு வரும்."

"மால நெறையப் பாத்தாச்சு மொதலாளி. அவுக செத்தன்னைக்கும் ஒண்ணு நீங்கதான் கொண்டாந்து போட்டிய."

"மக கல்யாணம் நிக்குது. மாப்பிள்ளை வீட்டுக்காரன், வீட்டப் பாத்துட்டுக் காப்பிகூடக் குடிக்காம போறான்."

"ஒரு வார்த்த சொல்லுங்க. அன்னைக்கு வண்டிய யாரு ஓட்டுனா? ஊரக் கூட்டி வச்சிச் சொல்லுங்க. நான் இந்தக் குவியல அள்ளிக் கடல்ல கொட்டுதேன். ஒங்க மக பந்தியில நானே நின்னு சோறு போடுதேன்."

அவர் வாயெடுத்தார். சொல்லிவிடுவார் என்றுதான் தேவகனி நினைத்தாள், கையிலிருந்த சுண்ணாம்பு டப்பாவைக்கூடக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் படலுக்கு வெளியே நாலைந்து தலைகள் எட்டிப் பார்ப்பதை அவர் பார்த்தார். பார்த்ததும் பழைய முதலாளி உடம்புக்குள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"கோர்ட்டே சொல்லிருச்சு. வேதமுத்துதான் ஓட்டுனான். செத்தவன் மேல கெடக்கது கெடந்துட்டுப் போட்டும். அவனுக்கு என்ன வலிக்கவா போவுது?"

தேவகனி டப்பாவை எடுத்தாள். அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டே, குவியலைப் பார்க்காமலே, மூன்று கோடு போட்டாள், சுழித்தாள்.

காலையில் குணபால்சிங் எழுந்தபோது வீட்டுக்காரி கதவு கிறீச்சிடுகிறது என்று நினைத்தாள். வீட்டில் கதவே இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. முதல் நாள் முழங்கால், இரண்டாம் நாள் இடுப்பு, அவர் நடந்தால் பழைய ஏற்றக் கிணறு நடப்பதுபோல ஊருக்கே கேட்டது, வியர்த்தால் சட்டை காவியாயிற்று. பிள்ளைகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மூன்றாம் நாள் தாடை பூட்டிக்கொண்டது. கஞ்சியைப் பல்லிடுக்கு வழியாகப் பப்பாளித் தண்டு வைத்துத்தான் இறக்கினார்கள்.

அதைக் கேட்டபோதுதான் தேவகனிக்குத் தான் செய்தது உறைத்தது. மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எந்த வாயிலிருந்து அந்த வாக்கியம் வரவேண்டுமோ, அந்த வாய்க்கு அவளே தாழ் போட்டுவிட்டாள். பதினாலு வருஷம் காத்துக் கிடந்ததை, ஒரு நிமிஷத்துக் கோபத்தில், மூன்று கோட்டில் முடித்துவிட்டாள். ஊரும் அதைப் புரிந்துகொண்டது. அன்று அவளிடம் யாரும் எந்தப் பாகம் என்று கேட்கவில்லை.

ஆனாலும் எடுத்த வேலையை விட முடியாது. ஆனி முதல் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி வெயிலில், வண்டியைத் தள்ளிக்கொண்டு உப்புரோட்டு வளைவுக்கு வந்தாள். நாற்பது பேர் பாதிக் கூலிக்கு வெடித்த பாத்திகளைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். வளைவில் ஸ்டாண்டு போட்டு, கடைசிக் காரியமாகச் செயினுக்கு எண்ணெய் விட உட்கார்ந்தாள். லாரி ஷெட்டில் வடித்துப் போட்ட கழிவு எண்ணெய், நீள மூக்கு வைத்த தகர டப்பாவில். அப்போது வரப்பின் மேலே அந்தச் சத்தம் கேட்டது. கிறீச், கிறீச். நாற்பது பேரும் நிமிர்ந்தார்கள். குணபால்சிங் வந்துகொண்டிருந்தார், அரை மைலைக் கடக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது, யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. வந்தவர் எண்ணெய் டப்பாவைப் பார்த்தார். தாடையைத் தொட்டுக் காட்டினார்.

தேவகனி எழுந்தாள். டப்பாவை ஆட்டினாள், உள்ளே முக்கால்வாசி எண்ணெய் தளும்புவது எல்லார் காதிலும் விழுந்தது.

"ஒரு வாக்கியத்துக்குத்தான் எண்ண இருக்கு" என்றாள். "இந்தப் பக்கம் ரெண்டு சொட்டு, அந்தப் பக்கம் ரெண்டு சொட்டு. தண்ணி வேணும்னா தண்ணி கேளும். டாக்டர் வேணும்னா டாக்டரக் கேளும். ஒமக்கு எது வேணுமோ அதச் சொல்லும்."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நீங்க போய் நீரு வந்ததை நாற்பது பேரும் கவனித்தார்கள். குணபால்சிங் தலையை ஆட்டினார். அவள் டப்பாவின் மூக்கைக் காதுக்குக் கீழே வைத்து, இரண்டு, இரண்டு, எண்ணி விட்டாள். தாடை ஒருமுறை நடுங்கி, சிவப்புப் பொடியைக் கொட்டி, கிணற்று உருளை மாதிரி முனகிக்கொண்டு திறந்தது. அவர் வரப்பிலிருந்த தண்ணீர்ப் பானையைப் பார்த்தார். ஊர்ப் பக்கம் பார்த்தார். பிறகு இருந்த ஒரே வாக்கியத்துக்குள் எவ்வளவு அடைக்க முடியுமோ அவ்வளவையும் அடைத்து, மூச்சு விடாமல் சொன்னார்:

"அன்னைக்கு இந்த வண்டிய நாந்தான் ஓட்டுனேன் இந்த எடத்துல மரியபுஷ்பத்த நாந்தான் இடிச்சேன் வேதமுத்து பம்புசெட்ட விட்டு வெளிய வரவே இல்ல."

தாடை மூடிக்கொண்டது.

தேவகனிக்கு அழுகை வரும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். அவள் டப்பாவோடு பாத்திகள் பக்கம் திரும்பினாள்.

"அடுத்து யாரு?"

"எங்களுக்கு எதுக்குக்கா?" என்றாள் ரோசம்மா. "எங்க வாய் நல்லாத்தான இருக்கு."

"பதினாலு வருஷமா மூடிக் கெடக்க வாய். நல்லா இருக்குமா? வா."

ரோசம்மா வந்தாள். கழிவு எண்ணெய் கழுத்தில் வழிந்தது. "நான் பாத்தேன்" என்று வரப்பைப் பார்த்து முணுமுணுத்தாள்.

"சத்தமா. ஒங்கக்காவுக்குக் கேக்கணும்."

"பாத்தேன்!" என்று ரோசம்மா கத்தினாள். "மொதலாளிதான் ஓட்டுனாவ. எங்கக்கா மஞ்சச் சேல கட்டியிருந்தா. குடம் உருண்டு உருண்டு எங்க பாத்தி வரைக்கும் வந்துச்சு, நான் அத நிமித்தி வச்சேன், அவள நிமித்தல." சொல்லிவிட்டு அங்கேயே முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

அப்புறம் கங்காணி, அப்புறம் படலோரம் நின்ற பெரியவர், அப்புறம் மற்றவர்கள், வரிசையாக, நற்கருணை வாங்குகிறவர்களைப்போலக் கழுத்தை நீட்டி நீட்டி. நாற்பது பேருக்கும் நாலு நாலு சொட்டு. எண்ணெய் குறையவே இல்லை. ஒருவன் சட்டை நிறம் சொன்னான், ஒருத்தி துண்டில் கை துடைத்ததைச் சொன்னாள், ஒருவன் ஒன்றும் சொல்ல வராமல் வாந்தி எடுத்தான், அவனை மறுபடியும் வரிசையின் கடைசிக்கு அனுப்பினாள் தேவகனி. யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை அவள்.

எல்லாம் முடிந்தபோது குணபால்சிங் மறுபடியும் தாடையைத் தொட்டுக் காட்டினார். கண்ணிலிருந்து துருத் தண்ணீர் இரண்டு கோடாக இறங்கியிருந்தது. கையைக் குவித்தார்.

"மன்னிப்புக் கேக்கப் போறாவ போலக்கா" என்றாள் ரோசம்மா மெதுவாக.

"கேக்க வேண்டாம்" என்றாள் தேவகனி. "அது அவர் வாய்க்குள்ளயே கெடக்கட்டும்." டப்பாவின் மூக்கை மூடியால் திருகி அடைத்து, சீட்டுக்கு அடியில் செருகினாள்.

சேலையை முழங்காலுக்கு இழுத்துச் செருகிக்கொண்டு உப்புச் சாக்கு சீட்டில் ஏறினாள். முதல் உதைக்கு இருமியது, இரண்டாம் உதைக்குத் திட்டியது, மூன்றாம் உதைக்குப் பிடித்துக்கொண்டது. வேதமுத்து வண்டியைக் கழற்றுவதையும் மாட்டுவதையும்தான் பார்த்திருக்கிறாளே தவிர அவள் ஒரு நாளும் ஓட்டியதில்லை. முதல் கியர் தெரியும், இரண்டாவது எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆகவே முதல் கியரிலேயே, உறுமிக்கொண்டு, ஆள் ஆளாக நாற்பது பேரையும் கடந்து, யார் ஓட்டுகிறார்கள் என்று அவர்கள் ஒவ்வொருவரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிற அளவுக்கு மெதுவாகப் போனாள்.